பப்புவா நியூ கினியில் குடியுரிமை: எட்டு வருஷக் கணக்கும் அதற்குப் பிறகும்

லே நகரிலோ தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலோ வேலைக்குப் போய் ஐந்தாறு வருஷம் ஆன நம் ஆட்களோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். கடை மேலாளரோ, கணக்கரோ, பள்ளி ஆசிரியரோ, யாராக இருந்தாலும் இரண்டாவது டீ முடிவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டா சிட்டிசன் ஆயிடலாமாமே?"

எட்டு வருஷம் முடிந்தால் மனுப் போடலாம், அவ்வளவுதான். அந்த மனுவுக்குள் என்ன இருக்க வேண்டும், யார் அதைப் பார்ப்பார்கள், கிடைத்த மறுநாள் கையிலிருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் என்ன ஆகும், கிடைத்ததை எப்படியெல்லாம் தொலைக்கலாம் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. இந்த நாட்டில் குடியுரிமை விதிகள் சாதாரணச் சட்டத்தில் மட்டும் இல்லை. அரசமைப்பிலேயே, 64-ஆம் பிரிவில் தொடங்கி 81 வரை விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்டால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு இறுக்கம்?

நாடு சுதந்திரம் பெற்றது 1975 செப்டம்பர் 16. அதுவரை தெற்குப் பாதியான பப்புவா, ஆஸ்திரேலியாவின் சொந்தப் பிரதேசம். வடக்கே நியூ கினி, ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பாட்சிப் பகுதி. அதையும் நிர்வகித்தது ஆஸ்திரேலியாதான். பப்புவாவில் பிறந்தவர் காகிதத்தில் ஆஸ்திரேலியக் குடிமகன். ஆனால் அனுமதி வாங்காமல் சிட்னியில் போய்க் குடியிருக்க முடியாது. நியூ கினியில் பிறந்தவருக்கு அந்தக் காகிதப் பெயர்கூட இல்லை. 'ஆஸ்திரேலியப் பாதுகாப்புக்கு உட்பட்டவர்' என்று ஒரு தனிப் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் இருந்தது, உரிமை இல்லை.

அரசமைப்பை வரைந்த குழுவுக்குப் பெயரளவில், பின்னர் நாட்டின் முதல் பிரதமரான மைக்கேல் சோமரே தலைவர். உண்மையில் வேலையை முன்னின்று நடத்தியவர் ஜான் மோமிஸ். அந்தக் குழுவுக்குக் குடியுரிமைதான் மிகவும் சூடான விஷயங்களில் ஒன்று. இனி இருப்பது ஒரே குடியுரிமை, அது முழுமையானதாக இருக்கட்டும், ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே என்று வேண்டாம் என்பதுதான் அவர்கள் எழுதியதன் சாரம். அதனால்தான் 'உண்மையான அயல்நாட்டுக் குடியுரிமை' என்றொரு கருத்தையே உருவாக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையே தரப்படாத பப்புவாக்காரரின் ஆஸ்திரேலியக் குடியுரிமை 'உண்மையானது' அல்ல, ஆகவே அவர் தானாகவே புதிய நாட்டின் குடிமகன் ஆகிவிடுவார். அந்த வசிப்புரிமையைப் பெற்றிருந்தவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

இதன் வால் முப்பது வருஷம் நீண்டது. சுதந்திரத்துக்கு முன் பப்புவாவில் பிறந்த ஒருவர், நான் இன்னும் ஆஸ்திரேலியக் குடிமகன்தான் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆமே வழக்கு என்று அதைச் சொல்வார்கள். 1975 செப்டம்பர் 16 அன்றே அது முடிந்துவிட்டது என்று 2005-ல் தீர்ப்பு வந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு கெடுபிடிக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் படி: உங்கள் வாசல் எது என்று பாருங்கள்

வாசல்கள் மூன்று. முதலாவது, சுதந்திர நாளன்று தானாகவே குடிமக்கள் ஆனவர்களுடையது. அந்த நாளுக்கு முன் நாட்டுக்குள் பிறந்து, தாத்தா பாட்டிமார் நால்வரில் இருவராவது இந்த நாட்டிலோ அடுத்துள்ள பகுதிகளிலோ பிறந்திருந்தால் போதும். அடுத்துள்ள பகுதிகள் என்று சாலமன் தீவுகள், இதே தீவில் இந்தோனேசியாவின் கையிலுள்ள மேற்குப் பாதியான மேற்குப் பப்புவா, டோரஸ் நீரிணைத் தீவுகள் ஆகியவற்றை அரசமைப்பு கணக்கில் எடுக்கிறது. உங்களுக்கும் எனக்கும் இந்த வாசலில் வேலை இல்லை.

இரண்டாவது வம்சாவளி. சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டுக்குள் பிறந்த குழந்தைக்குத் தாயோ தந்தையோ ஒருவர் குடிமக்களாக இருந்தால் குழந்தையும் குடிமகன். வெளிநாட்டில் பிறந்தாலும் இதே விதிதான். ஆனால் அந்தப் பிறப்பை முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பப்புவா நியூ கினிக்காரரை மணந்து, பிரசவத்துக்கு மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்திருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இங்கே மாநகராட்சியில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ் மட்டும் அங்கே குடியுரிமை தராது. கைக்குழந்தையோடு திரும்பும்போதே அங்குள்ள பதிவையும் முடித்துவிடுங்கள்.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளைக் களைந்துவிட வேண்டும். மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்பது இந்த நாட்டில் கிடையாது. தாய் தந்தை இருவருமே வொர்க் பர்மிட்டில் இருப்பவர்கள் என்றால், போர்ட் மோர்ஸ்பி ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையும் வெளிநாட்டுப் பிள்ளைதான். இன்னொன்று, கல்யாணம். உள்ளூர்க்காரரை மணந்த மறுநாள் யாரும் குடியுரிமைப் பத்திரத்தை நீட்டப் போவதில்லை.

மூன்றாவது வாசல், நேச்சுரலைசேஷன். வெளியிலிருந்து வந்து, இருந்து, கேட்டு வாங்குவது. பாக்கிக் கட்டுரை முழுவதும் இதைப் பற்றித்தான்.

இரண்டாம் படி: எட்டு வருஷத்தை இன்றே எண்ணத் தொடங்குங்கள்

67-ஆம் பிரிவு கேட்பது, குறைந்தது எட்டு வருஷம் தொடர்ச்சியாக நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்பது. 'தொடர்ச்சியாக' என்ற சொல்லில்தான் எல்லா வம்பும் இருக்கிறது. நடுவில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து பத்து மாதம் உட்கார்ந்துவிட்டு வேறு கம்பெனி மூலம் திரும்பப் போனவர், முன்னே இருந்த நான்கையும் பின்னே இருக்கும் நான்கையும் கூட்டி எட்டு என்று சொல்லிக்கொள்கிறார். அந்தக் கூட்டல் அதிகாரி முன்னால் நிற்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் விடுமுறைகளில் ஏதாவது வழக்கத்தை மீறி நீண்டிருந்தால், அது கணக்கை அறுக்குமா என்று குடிவரவு மற்றும் குடியுரிமை ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேண்டீன் நண்பர் சொன்ன விளக்கம் மனுவோடு இணைக்க உதவாது.

வொர்க் பர்மிட்டை நினைவில் வையுங்கள். அதைத் தருவது தொழிலாளர் துறை. நாட்டுக்குள் இருக்க விசா தருவது குடிவரவு ஆணையம். இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு தேதி. போதாக்குறைக்குப் பர்மிட் உங்கள் பெயரில் இருந்தாலும், குறிப்பிட்ட முதலாளியோடும் குறிப்பிட்ட பதவியோடும் கட்டப்பட்டது. கம்பெனி மாறினால் புதிதாக வாங்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் பலரின் கணக்கில் ஓட்டை விழுகிறது. பழைய பர்மிட் முடிந்த நாளுக்கும் புதியது தொடங்கிய நாளுக்கும் நடுவில் நீங்கள் எந்த அந்தஸ்தில் இருந்தீர்கள் என்று ஏழு வருஷம் கழித்து ஒருவர் கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும்.

ஆகவே ஒரு பெட்டி போடுங்கள். பழைய பாஸ்போர்ட்டை எறியாதீர்கள், முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன. எல்லாப் பர்மிட்டுகள், எல்லா விசாக்கள், சம்பளத்தில் வரி பிடித்ததற்கான தாள்கள், வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிக் கடிதங்கள், வங்கிக் கணக்கு விவரம். போய் வந்த தேதிகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். கம்பெனியின் மனிதவள அலுவலகம் எல்லாவற்றையும் வைத்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே ஆள் மாறும், அலுவலகம் இடம் மாறும், சில நேரம் கம்பெனியே கைமாறும்.

எட்டு வருஷத்துக்கு நல்ல உதாரணம் நம்மவர் ஒருவரே இருக்கிறார். சிவகாசியில் பிறந்த சசீந்திரன் முத்துவேல் 1999-ல் அங்கே போனார். 2007-ல் குடிமகன் ஆனார். 2012-ல் வெஸ்ட் நியூ பிரிட்டன் மாகாணத்தின் ஆளுநரானார். அங்கே ஆளுநர் என்றால் ராஜ்பவனில் உட்காருபவர் அல்ல. மாகாணம் முழுக்க வாக்களித்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் உறுப்பினர்தான் மாகாண ஆளுநர் ஆகிறார். நம் ஊர்க் கணக்கில் முதலமைச்சர் மாதிரி.

மூன்றாம் படி: டோக் பிசின்

மனுவைப் பரிசீலிக்கும்போது அமைச்சர் எவற்றில் திருப்தி அடைய வேண்டும் என்று அரசமைப்பே வரிசைப்படுத்தியிருக்கிறது. நன்னடத்தை. நிரந்தரமாக இங்கேயே வசிக்கும் எண்ணம். நாட்டின் பழக்கவழக்கங்களிலும் பண்பாடுகளிலும் மதிப்பு. அரசுப் பணத்துக்குச் சுமையாகாமல் வாழும் வசதி. குடிமகனின் உரிமைகளும் கடமைகளும் என்ன என்பதில் நியாயமான அறிவு. வேறு குடியுரிமை இருந்தால் அதைத் துறத்தல். இவற்றோடு, உடலோ மனமோ ஒத்துழைக்காத நிலை இருந்தாலொழிய, டோக் பிசினோ ஹிரி மோட்டுவோ நாட்டின் ஏதாவதொரு தாய்மொழியோ சாதாரண உரையாடலுக்குப் போதுமான அளவு பேசவும் புரிந்துகொள்ளவும் தெரிய வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஆங்கிலம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அலுவலகம், வங்கி, பள்ளிக்கூடம் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகின்றன. ஆங்கிலம் தெரியாமல் வொர்க் பர்மிட் வாங்குவதே கஷ்டம். ஆனால் குடிமகனாக வேண்டும் என்றால் சந்தையில் பேசும் மொழி வேண்டும். 800-க்கு மேல் மொழிகள் உள்ள நாட்டில் ஒரு மலைவாசியும் ஒரு கடற்கரைக்காரரும் பேசிக்கொள்வது டோக் பிசினில். தலைநகரைச் சுற்றிய பப்புவாப் பக்கம் ஹிரி மோட்டுவும் கேட்கும்.

நம் ஆட்களில் பலர் பத்து வருஷம் இருந்தும் கடைப் பையனிடம் ஆங்கிலத்திலேயே அதட்டி வேலை வாங்குவார்கள். கேட்டால், அது உடைந்த இங்கிலீஷ்தானே, என்னத்தைக் கற்பது என்பார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காத பேச்சு. சொற்கள் ஆங்கிலத்திலிருந்து வந்திருக்கலாம், இலக்கணம் அதனுடையது. 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் தமிழில் பிரிக்கிறோமே, அந்தப் பிரிவு ஆங்கிலத்தில் இல்லை, டோக் பிசினில் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் 'யுமி'. சேர்க்காவிட்டால் 'மிபெலா'. ஆங்கிலேயன் தடுமாறும் இடத்தில் தமிழனுக்கு அது முதல் நாளே பிடிபடும். திருக்குறளே அந்த மொழிக்குப் போயிருக்கிறது. முன்னே சொன்ன முத்துவேலும் அவர் மனைவி சுபா அபர்ணாவும் மொழிபெயர்த்தார்கள், 2023 மே மாதம் போர்ட் மோர்ஸ்பியில் இரு நாட்டுப் பிரதமர்களும் வெளியிட்டார்கள்.

வந்த முதல் வருஷமே பேசத் தொடங்குங்கள். 'வான்டோக்' என்ற சொல்லை அங்கே தினமும் கேட்பீர்கள். ஒரே மொழி பேசுபவன் என்பது நேர்ப்பொருள். சொந்தக்காரன், ஊர்க்காரன், கஷ்டத்துக்கு நிற்க வேண்டியவன், சில நேரம் கடன் கேட்டு வாசலில் நிற்பவன், எல்லாமே அதற்குள் அடக்கம். பழக்கவழக்கங்களில் மதிப்பு வேண்டும் என்று அரசமைப்பு சொல்வதை வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால் இந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம்.

நான்காம் படி: மனு

மனு போவது குடியுரிமைக்குப் பொறுப்பான அமைச்சருக்கு. வாங்கிச் சரிபார்ப்பது ஆணையம். இடையில் குடியுரிமை ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் அரசமைப்பு ஏற்படுத்தியதே. தருவதும் மறுப்பதும் அமைச்சரின் முடிவு. எட்டு வருஷம் ஆயிற்று, எல்லாத் தாளும் கொடுத்தாயிற்று, இனி தந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் மேசையைத் தட்ட முடியாது.

காவல்துறைச் சான்று, இந்தியாவிலிருந்து ஒன்றும் அங்கிருந்து ஒன்றுமாக இரண்டும் தயாராக இருக்கட்டும். உங்களை நன்றாக அறிந்த உள்ளூர்க்காரர்களின் கடிதங்கள், தமிழ் நண்பர்களின் கடிதங்களைவிட எடை கூடியவை. தேவாலயப் பாஸ்டரோ, பிள்ளையின் வகுப்பாசிரியரோ, நீங்கள் வேலை பழக்கிவிட்ட ஆளோ எழுதினால் நல்லது. கட்டணம் லேசானது அல்ல. மேற்குப் பப்புவாவிலிருந்து வந்து தலைமுறையாக அகதிகளாக இருப்பவர்களால் 10,000 கினாவை (கினா அந்நாட்டு நாணயம்) கட்ட முடியாது என்பதால்தான் அரசு அவர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்தது. உங்களுக்கு எவ்வளவு என்பதை மனுக் கொடுக்கும் வாரத்தில் ஆணையத்திலேயே கேளுங்கள், ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு கினாகூடக் கொடுக்காதீர்கள்.

'எனக்கு மேலிடத்தில் ஆள் தெரியும், மூணு வருஷத்திலேயே வாங்கித் தரேன்' என்று சொல்லும் தரகர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ஜோக்கோ ஜாந்த்ராவின் கதையைச் சொல்லுங்கள். இந்தோனேசியத் தொழிலதிபர். பாங்க் பாலி ஊழல் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009-ல் தண்டனை சொல்வதற்குச் சற்று முன் பப்புவா நியூ கினிக்குப் பறந்தார். 2012-ல் அவர் அந்நாட்டுக் குடிமகன் என்று செய்தி வந்தது. எட்டு எங்கே, மூன்று எங்கே? கூச்சல் எழுந்தது. கடைசியில் 2020-ல் மலேசியாவில் பிடிபட்டு ஜகார்த்தா போய்ச் சேர்ந்தார். பொய் சொல்லியோ உண்மையை மறைத்தோ வாங்கிய குடியுரிமை தங்காது என்பதை அரசமைப்பே சொல்கிறது.

மனு ஏற்கப்பட்டால் விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். நாட்டின் தலைவர் இன்றும் பிரிட்டிஷ் அரசர்தான், ஆனால் இந்த உறுதிமொழியில் அரசர் வருவதில்லை. நாட்டுக்கும் அதன் மக்களுக்கும், 1975 ஆகஸ்ட் 15 அன்று ஏற்கப்பட்ட அரசமைப்புக்கும் விசுவாசமாக இருப்பேன் என்பதுதான் சாரம்.

ஐந்தாம் படி: பின்னால் மூடும் கதவு

உறுதிமொழி எடுத்த அந்த நாளிலேயே நீங்கள் இந்தியக் குடிமகன் அல்ல. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும் என்பது 1955-ஆம் வருஷத்து இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. இதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை, தானாக நடப்பது. நீங்கள் செய்ய வேண்டியது, போர்ட் மோர்ஸ்பியிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்குவது. அதைத் தள்ளிப் போடுவதும், பழைய பாஸ்போர்ட்டிலேயே ஒரு தடவை ஊருக்குப் போய் வந்துவிடலாம் என்று பார்ப்பதும் அபராதத்தில் கொண்டு விடும்.

அதன் பிறகு ஓசிஐ கார்டு கேட்கலாம். ஓசிஐ என்பது ஆயுளுக்குமான விசா, குடியுரிமை அல்ல. வாக்குரிமை கிடையாது. வீடு வாங்கலாம், ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. அப்பா எழுதி வைத்த வயல் உங்களுக்கு வரலாம், பக்கத்து வயலைச் சேர்த்து வாங்க முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது குடியுரிமையைவிடப் பெரிய விஷயம் என்று தெரியும். அதனால் இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு மனுப் போடுங்கள்.

இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ள முடியாதா என்றால், 2014-ல் அரசமைப்பைத் திருத்தி இரட்டைக் குடியுரிமைக்கு வழி விட்டார்கள். ஆனால் எல்லா நாட்டோடும் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, ஃபிஜி, சமோவா, வனுவாட்டு ஆகிய எட்டு நாடுகள் பட்டியலில் வந்தன. இந்தியா இல்லை. இருந்தாலும் பயனில்லை, இந்தியாவே ஏற்காது. இலங்கைச் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தருகிறது, ஆனால் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மெல்போர்னில் ஆஸ்திரேலியக் குடிமகனாகி, இப்போது போர்ட் மோர்ஸ்பியில் வேலை பார்ப்பவரின் நிலை வேறு. அவர் எங்கே பிறந்தார் என்பது பேச்சில்லை, கையில் எந்தப் பாஸ்போர்ட் என்பதுதான்.

கிடைத்ததும் என்ன மாறும்?

வொர்க் பர்மிட் தொல்லை ஒழிந்தது. கடை வைக்க அயல்நாட்டு முதலீட்டாளருக்கான சான்றிதழ் வேண்டாம், குடிமக்களுக்கு என்று ஒதுக்கிய தொழில்களிலும் இறங்கலாம். வாக்களிக்கலாம். 25 வயது நிரம்பியவர் தேர்தலிலும் நிற்கலாம், அந்தத் தொகுதியில் பிறக்கவில்லை என்றால் வேட்புமனுவுக்கு முந்தைய இரண்டு வருஷமோ வாழ்நாளில் எப்போதாவது ஐந்து வருஷமோ அங்கே வசித்திருக்க வேண்டும்.

நிலம்தான் சிக்கல். முழு உரிமை நிலத்தைக் குடிமக்கள் மட்டுமே வாங்கலாம் என்று அரசமைப்பின் 56-ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் படித்துவிட்டுக் கடலோரத்தில் ஐந்து ஏக்கர் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். நாட்டின் நிலத்தில் சுமார் 97 சதவீதம் குலங்களுக்கு உரிய வழிவழி நிலம். விற்பனைக்கே வராது. குலத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கிக்கொள்வார், மற்ற நாற்பது பேர் அடுத்த மாதம் வந்து நிற்பார்கள், அவர்கள் பக்கமே நியாயமும் இருக்கும். குடியுரிமைப் பத்திரம் உங்களை அந்தக் குலத்தில் சேர்த்துவிடாது.

எப்படித் தொலைப்பது?

வேண்டுமென்றே தொலைப்பவர்களைவிட, தெரியாமல் தொலைப்பவர்கள்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். 70-ஆம் பிரிவு சொல்லும் காரியங்கள் இவை: வயது வந்தவர் தன் விருப்பத்தால் வேறு நாட்டுக் குடியுரிமை பெறுவது, வேறு நாட்டுக்கோ அதன் தலைவருக்கோ விசுவாசப் பிரமாணம் எடுப்பது, அரசின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் வேறு நாட்டுப் படையில் சேர்வது, வேறு நாட்டுத் தேர்தலில் வாக்களிப்பது, அங்கே தேர்ந்தெடுக்கப்படும் பதவியை ஏற்பது. எல்லாவற்றையும்விட அகலமான ஒன்றும் இருக்கிறது: வேறு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உள்ள ஓர் உரிமையைப் பயன்படுத்துவது. தவறுதலாகச் செய்தது என்று அமைச்சரை நம்ப வைத்தால் தப்பலாம்.

இதை நம் ஊர்க் காட்சியாகப் பாருங்கள். விடுமுறைக்கு வந்த நேரம் சட்டமன்றத் தேர்தல். வாக்காளர் பட்டியலில் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. தம்பி கூப்பிடுகிறார், "வாண்ணே, ஒரு ஓட்டுதானே." போய் விரலில் மை வைத்துக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். இந்தியச் சட்டப்படி குடிமகன் அல்லாதவர் வாக்களித்தது குற்றம். பப்புவா நியூ கினி அரசமைப்பின்படி அயல்நாட்டுத் தேர்தலில் வாக்களித்தது குடியுரிமையைப் பறிக்கும் காரியம். ஒரே மை, இரண்டு நாட்டிலும் வம்பு. ஆகவே பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் அதே மாதத்தில் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்க எழுதிப் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயம் தனி. தாய் உள்ளூர்க்காரர், தந்தை இந்தியர் என்றால் குழந்தைக்கு இரண்டு பக்கமும் உரிமை வர வாய்ப்புண்டு. குழந்தைப் பருவத்தில் அதை அரசமைப்பு பொறுத்துக்கொள்கிறது. 19 வயது ஆவதற்குள் மற்றதைத் துறந்து விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பதுதான் அது வைத்த கெடு. எடுக்காவிட்டால் பப்புவா நியூ கினிக் குடியுரிமை போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரிச் சேர்க்கை என்று வீடே பரபரப்பாக இருக்கும் வயதில் இந்தக் கெடு வருகிறது. நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைக்க வேண்டிய தேதி.

தானாகத் துறக்கவும் 72-ஆம் பிரிவு வழி தருகிறது. ஆனால் வேறு குடியுரிமை கையில் இருக்க வேண்டும், அல்லது அதைப் பெறுவதற்காகவே துறக்க வேண்டும். எந்த நாடும் இல்லாதவராக உங்களை நீங்களே ஆக்கிக்கொள்ள விடமாட்டார்கள்.

திரும்பி வர

73-ஆம் பிரிவு, இழந்தவர் திரும்பப் பெறுவதைப் பற்றியது. வெளிநாட்டவரை மணந்து, அந்தக் காரணத்தால் குடியுரிமையை விட்டு, பிறகு அந்தக் கல்யாணம் முறிந்துபோனவர்களை அதை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். தன்னார்வமாக வேறு நாட்டுக்காரர் ஆனவர்கள் அவ்வளவு எளிதாக உள்ளே வர முடியாது.

இந்தியாவுக்கே திரும்பிவிட நினைத்தால், ஓசிஐ கார்டு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், மனுவுக்கு முந்தைய பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். அப்போது இந்தியக் குடியுரிமைக்குப் பதிவு செய்ய மனுப் போடலாம். அது கிடைக்கும் நாளன்று இந்திய அரசமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுப்பீர்கள். அந்த நிமிஷமே பப்புவா நியூ கினியின் 70-ஆம் பிரிவு தன் வேலையைச் செய்துவிடும். அந்தப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க மறுபடியும் ஒரு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பழைய நோட்டையும் பெட்டியையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.